மீட்பு: கூலியா? கொடையா?



"நல்ல பிள்ளையாக இருந்தால்தான் சாமிக்குப் பிடிக்கும்" என்று சிறு வயது முதலே கேட்டு வளர்கிறோம். தம்பி தங்கையருக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறோம். தேர்வு நெருங்கினால் மெழுகுதிரி ஏற்றுகிறோம். நல்ல மதிப்பெண் வந்தால் காணிக்கை போடுவதாக மாதாவிடம் பேரம் பேசுகிறோம். தேர்வில் தவறிவிட்டாலோ, இறைவன் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று மனம் ஒடிந்து போகிறோம். இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. நாம் செய்யும் வேலைக்கு இறைவன் தரும் கூலிதான் அவரது அன்பு என்பதே அவ்வெண்ணம். திருச்சபை கற்பிப்பது இதுதானா? மீட்பு கூலியா, கொடையா? நம் வீட்டிலும் ஊரிலும் அன்றாடம் காணும் காரியங்களைக் கொண்டே சிந்தித்துப் பார்ப்போம்.

பாட்டிமார் சொன்ன சொல்

இன்று நாம் 'அருள் நிறைந்த மரியே' என்று அழைக்கும் மன்றாட்டை நம் பாட்டிமார் 'பிரியதத்த மந்திரம்' என்றே சொல்லி வந்தார்கள். பிரியம் என்றால் அன்பு. தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. அன்பினால் கொடுக்கப்பட்டது எதுவோ அதுவே பிரியதத்தம். அருள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

'தத்துப் பிள்ளை' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததே. தத்து எடுக்கப்படும் குழந்தை அந்த வீட்டுக்கு என்ன செய்துவிட்டது? ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று முதல் அந்த வீட்டின் பெயரும் சொத்தும் அதற்கு உரியவை. திருமுழுக்கில் நாமும் இறைவனின் தத்துப் பிள்ளைகள் ஆகிறோம் என்கிறார் புனித பவுல். கைக்குழந்தையாக இருந்தபோது நம்மை ஆலயத்துக்குத் தூக்கிச் சென்றார்களே, அப்போது நாம் கொண்டு போன புண்ணியம் எது? அழுகை ஒன்றுதான்!

கபிரியேல் தூதரின் வாழ்த்தையும் கவனியுங்கள். நாசரேத்து ஊர்க் கன்னிகையை அவர் அருள் நிறைந்தவள் என்று அழைத்தபோது, அவர் இன்னும் தம் சம்மதத்தைக் கூடச் சொல்லவில்லை. அருள் முதலில் வந்தது. 'ஆகட்டும்' என்ற அவரது பதில் பிறகு வந்தது. அந்தப் பதிலுக்கே விசுவாசம் என்று பெயர்.

அடகுக் கடையில் ஒரு நகை

ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை என்று செலவுகள் வரிசையாக வரும். நம்மில் பலருடைய வீட்டில் அப்போது அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தப்பினால் நகை 'மூழ்கிப் போகும்'. அதனால்தான் அறுவடைப் பணமோ சீட்டுப் பணமோ கைக்கு வந்தவுடன் அதை மீட்டுவிட வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் துடிக்கிறார்கள்.

இந்த 'மீட்பு' என்ற சொல்லையே மறைக்கல்வியிலும் வழங்குகிறோம். கடைக்காரரின் பெட்டிக்குள் கிடக்கும் சங்கிலி எவ்வளவுதான் பளபளத்தாலும், தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியுமா? அது வெளியே வருவதற்கு ஒரே காரணம், 'இது என்னுடையது, இதை நான் விடமாட்டேன்' என்று சொல்லி, விலை கொடுக்க ஒருவர் வருவதுதான்.

பழைய ஏற்பாட்டுக் காலத்திலும் இத்தகைய வழக்கம் இருந்தது. வறுமையால் நிலத்தை விற்றவரையும், தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவரையும் மீட்கும் உரிமை நெருங்கிய உறவினருக்கு உண்டு என்று லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. ரூத்து என்ற இளம் விதவையின் வரலாறு நமக்குத் தெரிந்ததே. பிறநாட்டுப் பெண்ணான அவர் பெத்லகேமில் வாற்கோதுமை வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தார். அவருக்கு அந்த ஊரில் உரிமை ஒன்றுமில்லை. உறவினரான போவாசு முன்வந்து நிலத்தை மீட்டு, ரூத்தையும் மணந்துகொண்டார். இயேசுவின் மூதாதையர் பட்டியலில் ரூத்தின் பெயரை மத்தேயு குறித்து வைத்திருக்கிறார். மீட்க வேண்டுமானால் உறவினராக இருக்க வேண்டும். ஆகவேதான் இறைமகன் நம் உடலை எடுத்து, நமக்கு உறவானார். விலை அவருடையது, விடுதலை நம்முடையது.

கல்வராயன் மலை தரும் பாடம்

'சரி, விலை கொடுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் விசுவாசம் எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை காண நம் மேற்கே நிற்கும் மலையை நோக்குவோம்.

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். இம்மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மலைமக்கள் அவர்களுக்கு வரி செலுத்தியதோடு, கூலியில்லாத வெட்டி வேலையும் செய்து வந்தார்கள். நாடு 1947-இல் விடுதலை பெற்றது. ஆனால் ஜாகிர் முறை முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது 1976-இல்தான். இடையே 29 ஆண்டுகள்! கீழே சமவெளியில் கொடியேற்றி இனிப்பு வழங்கிய காலத்தில், மேலே பழைய சுமை இறங்காமலே இருந்தது.

அதே 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அச்சட்டம் சொல்வதைக் கேளுங்கள். கொத்தடிமையாக இருந்த ஒவ்வொருவரும் விடுவிக்கப்படுகிறார். அவரைப் பிணைத்திருந்த கடன் அடியோடு அற்றுப் போகிறது. அக்கடனுக்காகப் பிடித்து வைத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும். இனி அந்தக் கடனுக்கென்று பணம் வாங்குவதே குற்றம்; அதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'இவர் நன்றாக வேலை செய்தாரா, பாதிக் கடனாவது கட்டினாரா?' என்று சட்டம் கேட்கவில்லை.

ஆனாலும் சட்டம் வந்த அன்றே எல்லாரும் எழுந்து வெளியே நடந்துவிடவில்லை. செங்கற் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மக்களை அதிகாரிகள் மீட்டு, விடுவிப்புச் சான்று அளிக்கும் செய்தியை இன்றும் நாளேடுகளில் வாசிக்கிறோம். செய்தி காதில் விழாதவரும், விழுந்தும் நம்பாதவரும், இல்லாத கடனுக்காகத் தொடர்ந்து உழைத்துக்கொண்டே இருப்பார்கள். கடனை ரத்து செய்தது அவருடைய நம்பிக்கை அன்று, சட்டமே. ஆனால் அந்தச் செய்தியை நம்பிக் காலெடுத்து வைத்தால்தான் வாசலைத் தாண்ட முடியும்.

விசுவாசம் என்பது இதுவே. கல்வாரியில் கொடுத்து முடிந்த விலையை நாம் மீண்டும் தவணை முறையில் கட்டப் பார்ப்பது, அற்றுப் போன கடனுக்கு வட்டி கட்டுவதற்குச் சமம்.

ஒரு வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது. கொத்தடிமைத் தளையிலிருந்து விடுதலை பெறுவது ஏழை மக்களின் உரிமை. அதை யாரும் தயவு என்று எண்ணலாகாது. பாவத்திலிருந்து பெறும் விடுதலையோ நாம் உரிமை கொண்டாட முடியாதது. அங்கே நாம் யாருக்குக் கடன்பட்டோமோ, அவரே நமக்காகச் செலுத்தினார்!

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

அருள் பெரிதா, நம் முயற்சி பெரிதா என்ற கேள்வி தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. முதலாழ்வார் மூவரும் சந்தித்த தலம் என்று வைணவர்கள் போற்றும் திருக்கோவிலூர் நம் மாவட்டத்தில்தான் உள்ளது. வைணவப் பெரியோர் இக்கேள்வியை இரண்டு உவமைகளால் ஆராய்ந்தார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாயே வாயில் கவ்விச் செல்கிறது. வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் எடுத்துக்காட்டாகக் கொள்வர்.

நம் திருச்சபையின் போதனைக்கு உவமை தேடினால், இடுப்பில் இருக்கும் குழந்தையைச் சொல்லலாம். தரையில் கிடக்கும் குழந்தை தானாக ஏறி இடுப்பில் அமர முடியாது. தாய் குனிந்து தூக்குகிறாள். தூக்கியபின் அது தன் சிறு கைகளால் தாயின் தோளைப் பிடித்துக்கொள்கிறது. தூக்குவதே அருள், பிடித்துக்கொள்வதே விசுவாசம். குழந்தையின் பிடி நழுவினாலும் தாயின் பிடி நழுவுவதில்லை. ஆனால் கால் உதறி, திமிறி, 'என்னை இறக்கி விடு' என்று அது அடம் பிடிக்கவும் கூடும். நம்மைக் கட்டாயப்படுத்தி மீட்க இறைவன் விரும்புவதில்லை.

மழையும் மடையும் கரும்பும்

'மீட்பு இலவசம் என்றால், நற்செயல் எதற்கு? விருப்பம்போல் வாழலாமே!' என்று சில மாணவியர் மறைக்கல்வி வகுப்பில் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையம் அருகிலுள்ள அணையில் தேங்கி, வாய்க்கால் வழியே வயலுக்கு வருகிறது. மழையை எந்த விவசாயியும் உண்டாக்கவில்லை. மடையைத் திறந்து நீரைத் தன் நிலத்துக்குள் விடுகிறார், அவ்வளவே. நீர் பாய்ந்தபின் நெல்லும் கரும்பும் வளர்கின்றன. கரும்பு வளர்ந்ததற்குக் கூலியாக மழை பெய்ததா? இல்லை, மழை பெய்ததால் கரும்பு வளர்ந்தது. ஆனால் நீர் பாய்ந்தும் வயலில் ஒரு பயிரும் தலைகாட்டவில்லை என்றால், மடை உண்மையிலேயே திறந்ததா என்று சந்தேகப்பட வேண்டும்.

புனித பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இந்த ஒழுங்கையே காண்கிறோம். மீட்பு அருளால் வருகிறது, விசுவாசத்தின் வழியாக வருகிறது, யாரும் பெருமை பேச இடமில்லை என்கிறார். உடனே அடுத்த வசனத்தில், நற்செயல்கள் புரிவதற்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்று சேர்த்துக்கொள்கிறார். செயலற்ற விசுவாசம் செத்தது என்று புனித யாகப்பர் எச்சரிப்பதும் இதனால்தான்.

இப்பொருளைப் பற்றிக் கிறிஸ்தவர்களிடையே நெடுங்காலம் பிணக்கு இருந்தது. மார்ட்டின் லூத்தர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதிலாக, திரிதெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13-இல் தன் போதனையை வெளியிட்டது. இறைவனுக்கு ஏற்புடையவர் ஆவதற்கு முன் நாம் செய்யும் எதுவும் அந்த அருளை ஈட்டித் தராது என்று அச்சங்கமே தெளிவாகக் கூறியிருக்கிறது. 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனி நாட்டு ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியால் அன்றி, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில், அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்றும், அந்த அருளே நம்மை நற்செயலுக்கு ஏவுகிறது என்றும் இரு தரப்பினரும் ஒன்றாக அறிக்கையிட்டார்கள். திருக்கோவிலூர்ப் பகுதியில் லுத்தரன் சபைக் குடும்பங்களுக்கு அண்டை அயலாராக வாழும் நமக்கு இது மகிழ்ச்சியான செய்தி அன்றோ!

மதிப்பெண் பட்டியல்

பள்ளியில் மதிப்பெண் தேவைதான். உழைத்தவர்க்கு உயர்ந்த இடம் கிடைப்பதே நியாயம். ஆனால் அந்தப் பட்டியலை வீட்டுக்குள்ளும் ஆலயத்துக்குள்ளும் எடுத்துச் செல்லும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. எண்கள் குறைந்தவுடன், 'எனக்கு வாழவே தகுதியில்லை' என்று எண்ணிக் கலங்கும் பிள்ளைகள் உண்டு. பெற்றோரே, 'முதல் மதிப்பெண் வாங்கினால்தான் நீ என் மகள்' என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். பெற்றோரின் அன்பைக் கூலியாக அறிந்த குழந்தை, இறைவனின் அன்பைக் கொடையாக எப்படி அறியும்?

புனித குழந்தை தெரேசம்மாள் 24 வயதிலேயே, 1897-இல், இறைவனடி சேர்ந்தார். அவர் 1895 ஜூன் 9-இல் எழுதிய அர்ப்பண செபத்தில், இறுதி நாளில் வெறுங்கையோடு இறைவன் முன் நிற்கப் போவதாகவும், தம் நற்செயல்களைக் கணக்கிட வேண்டாம் என்றும் வேண்டினார். பணக்கார வீடுகளில் படியேறத் தேவையில்லாதபடி லிஃப்ட் வந்துவிட்ட காலம் அது. தாம் ஏற முடியாத படிகளில் தம்மைத் தூக்கிச் செல்லும் லிஃப்ட் இயேசுவின் கைகளே என்று அவர் எழுதினார். இத்தனைக்கும், மடத்தில் சின்னஞ்சிறு வேலையையும் அன்போடு செய்தவர் அவர்! கைநிறைய நற்செயல் இருந்தும், வெறுங்கை என்றே உணர்ந்தார். தாம் நேசிக்கப்படுவதை நம்பியதால், கணக்குப் பார்க்காமல் நேசிக்க அவரால் முடிந்தது.

ஆகவே, அன்பு மாணவியரே! நன்றாகப் படிப்போம், வீட்டு வேலையில் அம்மாவுக்கு உதவுவோம், பக்கத்து வகுப்பில் கட்டணம் கட்ட முடியாமல் கண்கலங்கும் தோழியின் துயரில் பங்கு கொள்வோம். இவற்றைச் செய்து இறைவனின் அன்பை வாங்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே நமக்குத் தரப்பட்டுவிட்டது. தேர்வு முடிவு எப்படி வந்தாலும் நாம் அவருடைய பிள்ளைகளே. அந்த நிம்மதியோடு உழைப்போம். பெற்ற கொடையைப் பிறரோடு பகிர்ந்து வாழ்வோம்.