புகையும் பொருளாகும்

சுண்ணாம்புக் காளவாயை அறியாத கிராமவாசி அரிது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் எஞ்சும் சுண்ணாம்பு 56 கிலோவே. மற்ற 44 கிலோ எங்கே போயிற்று? கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்துவிட்டது. அச்சுண்ணாம்பை நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஆகவே, வாயுவைப் பிடித்துப் பொருளாக்குவது நமக்கு முற்றிலும் புதியதன்று. இதனைப் பெரிய அளவில் ஆலைகளில் செய்யவே விஞ்ஞானிகள் இன்று முயன்று வருகின்றனர்.

இம்முயற்சி ஏன்? இயந்திரத் தொழில்கள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கே இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இது வெப்பத்தைத் தேக்கிப் பருவ நிலையைக் குலைக்கிறது. மழையை நம்பி விதைக்கும் நாம் இதனைப் பிறர் கவலை என்று ஒதுக்க இயலாது.

பிடிக்கும் முறை

கொதிகலன் புகையை அமீன் என்னும் வகை இரசாயனக் கரைசலின் ஊடே செலுத்துவர். கரைசல் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும். பின்னர்க் கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். கரைசலை மீண்டும் பயன்படுத்தலாம்.

இம்முறை நம் மாநிலத்திலேயே கையாளப்பட்டது. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், 2016ஆம் ஆண்டில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கினர். ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் வாயுவைப் பிடிப்பது அத்திட்டத்தின் நோக்கம். அரசு மானியமின்றி இது நிறுவப்பட்டது குறிப்பிடத்தக்கது. கனடாவிலோ, கான்கிரீட் கலக்கும்போதே இவ்வாயுவைச் செலுத்தும் முறை வளர்ந்துள்ளது. அங்கு அது கல்லாகவே மாறித் தங்கிவிடுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

பொருளானதெல்லாம் நிலைத்திருக்கும் என எண்ணலாகாது. நாம் வயலில் இடும் யூரியாவை நோக்குவோம். 60 கிலோ யூரியா உண்டாக 44 கிலோ கரியமில வாயு தேவை. ஆனால் ஈரமண்ணில் யூரியா சிதைந்ததும் அவ்வாயு வெளியேறிவிடுகிறது. சோடா உப்பைக் கண்ணாடி உலையில் உருக்கினாலும் அவ்விதமே.

எனவே எந்தத் திட்டத்திலும் முதற் கேள்வி, பிடித்த வாயு எத்தனை காலம் அடைபட்டிருக்கும் என்பது. இரண்டாவது, கரைசலைச் சூடாக்கும் எரிபொருள் எது என்பது. அதற்கும் நிலக்கரியையே எரித்தால் ஆதாயம் குறையும். விவசாயிகளிடம் ‘கார்பன் வரவு’ ஒப்பந்தம் கொண்டுவருவோரிடம் மேலும் கேட்க வேண்டும்: அளவிடுபவர் யார்? நிலம் எத்தனை ஆண்டு கட்டுப்படும்? பணம் யாருக்கு, எப்போது? விடை எழுத்தில் கிடைக்கும் வரை கையெழுத்து இடலாகாது. ஊராட்சி மன்றம் இதனைக் கிராம சபையில் விளக்குதல் நலம்.

கிராமத்தில் செய்யத்தக்கது

பயிரும் மரமும் கரியமில வாயுவை உண்டே வளர்கின்றன. பருத்தி மாரையும் சீமைக் கருவேல விறகையும் திறந்த வெளியில் எரித்தால் அது முழுதும் காற்றுக்கே திரும்பும். காற்றுப் புகாத கலத்தில் சுட்டுக் கரியாக்கி மண்ணில் சேர்த்தால், அக்கரியின் பெரும்பகுதி நூற்றாண்டுகள் தங்கவல்லது. அக்கரியை அடுப்பில் எரித்தாலோ பயனில்லை.

கரி உரமன்று, அதில் தழைச்சத்து மிகக் குறைவு. மக்கிய தொழுவுரத்துடன் கலந்தே இட வேண்டும். களர் நிலத்தில் கரியின் சாம்பல் காரத்தன்மையை மிகுவிக்கக்கூடும். ஆதலின் மண்ணைப் பரிசோதித்து, முதலில் சில சென்ட் நிலத்தில் மட்டும் இட்டு, இடாத பாத்தியுடன் விளைச்சலை ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

ஆலைகள் தம் புகைக்கு வழி தேடட்டும். அறுவடைக்குப்பின் நம் வயலில் எழும் புகையைத் தடுக்கும் பொறுப்பு நம்முடையதே. இப்போகத்திலிருந்தே அதனைத் தொடங்குவோமாக.