சாச்சாவின் நோயும் நான்கு ஆய்வுக் கட்டுரைகளும்

உம்மாவின் தங்கை, என் சாச்சி, கெக்கிராவைக்கு அப்பால் ஒரு விவசாயக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். சாச்சாவுக்குச் சிறுநீரக நோய். சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாமல் வந்தது. 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் ‘காரணம் அறியப்படாத’ நோய்தான் அது. கடந்த வருடம் அவர்களுடைய மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோனது. “அது பரம்பரை வருத்தமாம்” என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அன்றிரவு தாத்தா என்னிடம் கேட்டார்: “நீ பயோ படிக்கிற தானே தங்கச்சி, எனக்கும் வருமா?” அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் பாடத்தில் சிறுநீரகத்தி இருக்கிறது, மெண்டல் இருக்கிறார், இந்த நோய் இல்லை. உயிரியல் ஆசிரியை ஒரு வழி சொன்னார்: ஓர் ஆய்வாளரைத் தெரிவுசெய்து, அவருடைய கட்டுரைகளை வெளிவந்த வரிசையில் வாசி. நான் தெரிவுசெய்தவர் ஷானிகா நாணயக்கார. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அகியோ கொய்சுமியின் குழுவோடு இந்நோயை ஆராய்ந்தவர். அவருடைய கட்டுரைகளில் நம் பக்கத்துப் பெயர்களும் வருகின்றன: கண்டியில் சிறுநீரக நோயாளரைப் பார்த்துவந்த வைத்திய நிபுணர் திலக் அபேசேகர, பேராதனையின் நோயியலாளர் நீலகாந்தி ரத்னதுங்க, புவிச்சரிதவியலாளர் ரோஹண சந்திரஜித்.

2012இல் வந்த ஒரு கட்டுரை, நோயாளரின் சிறுநீரகத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து, சேதம் முக்கியமாகச் சிறுகுழாய்களிலும் அவற்றைச் சூழ்ந்த இழையத்திலும் இருப்பதாகச் சொன்னது. அதே வருடத்து இன்னொரு கட்டுரை, நோயின் மிக ஆரம்பத்திலேயே சிறுகுழாய்கள் பழுதாவதைச் சிறுநீரில் கசியும் புரதங்களைக்கொண்டு காட்டியது. 2015இல் வந்தது வேறு சில பரம்பரையலகுகளைத் தேடியது.

நான் பல நாள் மல்லுக்கட்டியது 2014ஆம் ஆண்டுக் கட்டுரையோடு. எஸ்.எல்.சி. 13 ஏ 3 என்ற பரம்பரையலகில் ஒரு மாற்றம் நோயோடு சேர்ந்து காணப்படுகிறது என்கிறது அது. அண்மை மடிந்த சிறுகுழாயின் கலங்களுக்குள் சக்சினேற்று போன்றவற்றைக் கொண்டுசெல்லும் புரதத்தை உருவாக்குவது இந்தப் பரம்பரையலகு. கிரெப்ஸ் வட்டத்தில் நாம் மனனம் செய்யும் அதே சக்சினேற்று! சேதம் கண்ட இடமும் இதன் வேலைத்தலமும் ஒன்றாயிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அதில் இரண்டு எண்கள். மாற்றம் உள்ளவர்களிடம் நோய்க்கான வாய்ப்பு விகிதம் 2.13 மடங்கு. சனத்தொகையில் அதன் பங்கு 50 சதவீதம். இரண்டாவதைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் சொன்னது சரியோ என்று பயந்தேன். ஆசிரியை சிரித்துவிட்டு, “கணக்குப் போட்டுப் பார்” என்றார். இரண்டு மடங்கு என்ற சிறிய வித்தியாசம் பாதிப் பங்கைத் தரவேண்டுமென்றால், அந்த மாற்றம் அந்தச் சனத்தொகையில் மிகப் பலரிடம் இருந்தாக வேண்டும். அதாவது நோயே வராதவர்களிலும் ஏராளமானோரிடம். அப்படியானால் மாப்பிள்ளையிடமும் அது இருக்கலாம்! (இதைத் தாத்தாவிடம் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.)

மீதி 50 சதவீதம்தான் சுற்றாடலுக்கு என்றும் நினைக்கக் கூடாது. பிங்கா ஓயா பெருகும்போது அக்குறணை டவுனில் தரை தாழ்ந்த கடைகளுக்குத்தான் முதலில் தண்ணீர் வரும். தரையை உயர்த்தினால் பாதி நட்டம் குறையலாம். ஓயா பெருகாவிட்டால் முழு நட்டமும் இல்லை. இரண்டையும் கூட்டினால் நூற்றைத் தாண்டுகிறது, ஆனாலும் கணக்கில் பிழையில்லை. இந்த நோயில் ஓயா எது என்பதில்தான் இன்னும் இணக்கமில்லை. கட்மியம், புளோரைட்டு கலந்த வன்னீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைப்பது எனப் பலவும் பேசப்படுகின்றன.

தாத்தாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “வரும் என்றும் சொல்ல ஏலாது, வராது என்றும் சொல்ல ஏலாது. ஆனா வருஷா வருஷம் சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியற்றினினும் பாருங்க.” சிறுகுழாய்ச் சேதம் அறிகுறியே இல்லாமல் தொடங்குகிறது என்பதால்தான் அப்படிச் சொன்னேன். போன மாதம் சாச்சாவின் கிளினிக்குக்கு வந்தபோது அவரும் பரிசோதித்துக்கொண்டார். இரண்டும் சரியாக இருந்தன. கண்டியிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கி, அந்த 2.13 கணக்கை ஒரு தாளில் தெளிவாக எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.