பூனைக்கு மட்டும் தனித் தசையா?

கேள்வி: அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் தனி வீட்டில் இருக்கிறோம். எங்கள் பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி மதில்மேல் தாவி ஏறிவிடுகிறது. பேட்மிண்டன் ஆடும் என் மகனால் அதில் பாதி உயரம்கூட எழும்ப முடியவில்லை. பூனைக்கு மட்டும் தனித் தசைகள் உண்டா? விரைவில் பூந்தமல்லியில் ஐந்தாவது மாடிக்குக் குடிபோகிறோம். தவறி விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி

பதில்: தசையின் சரக்கு இருவருக்கும் ஒன்றுதான். உங்கள் மகனின் கெண்டைக்காலில் இருக்கும் புரதங்களே பூனையின் காலிலும் இருக்கின்றன. பெரும்பாலான தசைகளுக்குப் பெயரும் ஒன்றே. அவை எலும்போடு கட்டப்பட்டிருக்கும் விதம்தான் வேறு.

பின்னங்காலைக் கவனியுங்கள். பின்புறமாக மடங்கித் தெரியும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது குதிகால். பூனை எப்போதும் விரல்களில்தான் நிற்கிறது. அதன் முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. பதுங்கும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்குகின்றன. தாவும்போது மூன்றும் ஒருசேர நிமிர்கின்றன. முதுகுத் தசைகளும் கூடவே உந்துகின்றன. நம் இடுப்புப் பகுதியில் முள்ளெலும்புகள் 5, பூனைக்கு 7. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் நமக்குப் புட்டத் தசை பெரியது. பூனைக்கு அது சிறியது, தொடையின் பின்பக்கத் தசைகளே பெரியவை. அவற்றில் வேகமாகச் சுருங்கும் இழைகள் அதிகம். ஆனால் அவை சீக்கிரம் களைத்துவிடும். அதனால் நீண்ட தூர ஓட்டத்தில் உங்கள் மகன்தான் ஜெயிப்பார்.

எனக்கு இன்றும் வியப்புத் தருவது தோள்தான். உங்கள் கழுத்துக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், காறை எலும்பு தட்டுப்படும். நம் கையை உடம்போடு சேர்க்கும் எலும்புப் பிணைப்பு அது ஒன்றுதான். பூனைக்கு அது தசைக்குள் மிதக்கும் சிறு துண்டு மட்டுமே, வேறு எந்த எலும்பையும் தொடுவதில்லை. முன்னங்கால் முழுவதும் தசையால் மட்டுமே உடம்போடு சேர்ந்திருக்கிறது. இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே மார்புக்கூடு தூளியில் கிடக்கும் குழந்தையைப் போலத் தொங்குகிறது. குதித்து இறங்கும் அதிர்ச்சியை அந்தத் தசைகள்தான் வாங்குகின்றன. தலை நுழையும் கேட் கம்பிக்குள் உடம்பும் நுழைவது தோளில் இந்த எலும்புப் பிணைப்பு இல்லாததால்தான்.

இனி, விழுவது. 1894இல் பாரிஸில் எத்தியேன் ழூல் மரே என்பவர் விழும் பூனையைத் தொடர் படங்களாக எடுத்தார்: முதலில் முன்பாதி திரும்புகிறது, பிறகு பின்பாதி. ஆக, காலூன்றி இறங்குவது உண்மை. ஒன்றும் ஆகாது என்பது உண்மையல்ல. மாடியிலிருந்து விழுந்து நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளியானது. விழுந்த உயரம் சராசரியாக ஐந்தரை மாடி. சுமார் 90 சதவீதம் பிழைத்தன. இந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு உயிர்காக்கும் அவசர சிகிச்சை தேவைப்பட்டது என்பதையும், பெரும்பாலானவற்றுக்கு மார்பில் அடி என்பதையும் சொல்வதில்லை. விழுந்த இடத்திலேயே இறந்தவை மருத்துவமனைக் கணக்கில் வரவும் வராது.

புது வீட்டில் சாமான் இறக்கும் முன்பே பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் வலை அடியுங்கள். தப்பித்தவறி விழுந்தால், நன்றாக நடந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நொண்டுகிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும்.