மூச்சுப் பயிற்சியும் கிளினிக் கொப்பியும்



பங்கு மண்டபத்தில் யோகாசன வகுப்போ மூச்சுப் பயிற்சியோ தியான அமர்வோ நடைபெறுவது இன்று புதினமான காரியமல்ல. அறிவித்தலைக் கேட்டதும் முதலில் வருபவர்கள் யார்? பிரஷர் உள்ள தாய்மார், சீனி வருத்தக்காரர், இரவில் நித்திரை கொள்ளாதவர்கள். வரட்டும், நன்று. ஆயினும் மூன்றாம் கிழமையில் ஒருவர், "மனம் இலேசாய் இருக்கிறது, இனிக் குளிசை எதற்கு?" என்று எண்ணத் தொடங்கினால் என்ன செய்வது? வகுப்பை ஒழுங்கு செய்வோர் தொடக்க நாளுக்கு முன்னரே சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

இத்துறையில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில், மாசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலுள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையில், ஜோன் கபற்-சின் என்பவர் பயிற்சித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார். அவர் வைத்தியரல்லர், மூலக்கூற்று உயிரியல் கற்றவர். பௌத்த தியானத்திலும் யோகாசனத்திலும் தாம் பயின்றவற்றைச் சமயச் சடங்கு எதுவுமின்றி அமைத்துக் கொடுத்தார். அவரிடம் நோயாளரை அனுப்பியவர்கள் வைத்தியர்களே. மருந்தினால் முற்றாகத் தீராத நாட்பட்ட நோவுடையோர் பலர் அவர்களுள் இருந்தனர். சேருமுன் ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசினார்கள். வீட்டிலும் நாளுக்கு ஏறக்குறைய 45 நிமிடம் பயில வேண்டியிருந்தது. வைத்தியத்துக்குத் துணையாகவே அத்திட்டம் வகுக்கப்பட்டது; வைத்தியரின் இடத்தை அது கேட்கவில்லை.

இதனால் பயனுண்டா? உண்டு, ஓரளவுக்கு. நாட்பட்ட இடுப்பு நோவுக்கு மருந்துக்கு முன்னர் கைக்கொள்ளத்தக்க வழிகளுள் யோகாவையும் இத்தகைய தியானப் பயிற்சியையும் அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் சேர்த்துக்கொண்டது. மறுபக்கமும் உண்டு. குணமாகக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோயாளருள் வழமையான சிகிச்சையை விலக்கி மாற்று வைத்தியத்தை மாத்திரம் தேர்ந்தோருக்கு, மரண ஆபத்து இரண்டரை மடங்காயிருந்ததென யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2018இல் வெளியிட்டனர்.

பிரஷர் ஏறியிருப்பதைப் பலர் உணர்வதேயில்லை. தலையிடியும் இராது, மயக்கமும் இராது. ஆகவே மனம் அமைதியாயிருப்பது பிரஷர் இறங்கியதற்கு அத்தாட்சியாகாது, அளந்தால்தான் தெரியும். மெய்யாகவே இறங்கியிருந்தால் குளிசையைக் குறைப்பதா என்று கிளினிக் வைத்தியர் தீர்மானிப்பார். வலிப்புக் குளிசையைச் சடுதியாக நிறுத்தினால் வலிப்புக் கடுமையாய்த் திரும்பலாம். இன்சுலின் ஏற்றும் பிள்ளைக்குச் சில நாள் தவறினாலே உயிராபத்து. குளுக்கோமா என்னும் கண் வருத்தம் உள்ளவர் சிரசாசனம் செய்தல் ஆகாது. எலும்பு நலிந்த முதியோர் முள்ளந்தண்டை அதிகம் வளைக்கலாகாது. கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும் முதலில் தம் வைத்தியரைக் கேட்கட்டும்.

ஆதலால் முதல் நாளிலேயே கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பலர் முன்னிலையில் விசாரிக்க வேண்டாம். ஓர் அறையில் ஆறுதலாகக் கேளுங்கள். பயிற்றுநர் எங்கே, எவ்வளவு காலம் கற்றார் என்பதையும் விசாரியுங்கள். கடைசி நாளில் மேடையேற்றி, "எனக்குச் சுகமாயிற்று" என்று சொல்ல வைக்கும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய்த் தன் குளிசையை எறிந்தால் யார் பொறுப்பு?

தியானத்தில் கிடைக்கும் உடலமைதியை ஆவியானவரின் ஆறுதலென்று மயங்க வேண்டாமென விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989இல் எழுதிய மடலும் எச்சரித்தது. சுகத்தைப் பற்றியும் அதே நிதானம் நமக்கு வேண்டும்.

நம் மண்ணுக்குரிய விடயம் இன்னொன்று. போரினால் உள்ளம் காயப்பட்டவர்கள் நம்மிடையே அநேகர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, மந்திர உச்சரிப்பு, செபமாலை என அவரவர் மரபில் பழகிய சாந்த வழிகளைச் சிகிச்சையோடு இணைத்தார். இவற்றை நாமும் கைக்கொள்ளலாம். ஆனால் கண்ணை மூடி அசையாதிருக்கும்போது சிலருக்குப் பழைய காட்சிகள் பொங்கியெழுவதுண்டு. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். எனவே, "கண்ணைத் திறந்தும் இருக்கலாம், விரும்பினால் எழுந்து வெளியே போகலாம்" என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லுங்கள். எழுந்து போனவரை ஒருவர் மெதுவாய்ப் பின்தொடர்ந்து சென்று அருகில் இருக்கட்டும். உயிரை மாய்க்கும் பேச்சு அவர் வாயில் வந்தால் அடுத்த வகுப்புவரை காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை மண்டபச் சுவரில், எல்லாருக்கும் தெரியும்படி, பெரிதாக எழுதி வையுங்கள்.