கொள்ளிடக் கரையில் மறைந்த கோட்டை

கொள்ளிடம் கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே தேவிக்கோட்டை என்றோர் ஊர் உண்டு. பெயரில் மட்டும் கோட்டை நிலைத்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழகன் என்னும் தலைவன் இங்கு ஆண்டான். தஞ்சை இரகுநாத நாயக்கர் அவனை வென்றார். பின்னர் இப்பகுதி தஞ்சை மராத்திய மன்னர் வசமாயிற்று.

வரலாற்று மாணவியராகிய நாங்கள் அங்குச் சென்றபோது அகன்ற ஆற்றையும் சேற்றையும் மணலையுமே கண்டோம். "இதற்காகவா சண்டையிட்டார்கள்?" என்றாள் எங்களுள் ஒருத்தி. கேள்வி நியாயமானதே.

சோழமண்டலக் கரையில் அந்நாளில் நல்ல துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் சரக்கை இறக்கினர். புயற்காலத்தில் அதுவும் இயலாது. கொள்ளிடமோ முகத்துவாரத்துக்கு உட்புறம் ஆழமானது. வாயிலை அடைத்திருக்கும் மணல்திட்டை மட்டும் அகற்றிவிட்டால் பெரிய கப்பல்களும் உள்ளே வந்துவிடும் என்று ஆங்கிலேயர் எண்ணினர். ஆகவே, அரசிழந்த சயாஜி தமக்குத் தஞ்சை அரியணையை மீட்டுத் தந்தால் தேவிக்கோட்டையைத் தருவதாகச் சொன்னதும் உடன்பட்டனர்.

1749 ஏப்ரலில் சென்ற முதற்படை வெறுங்கையுடன் திரும்பியது. ஜூனில் மேஜர் லாரன்சு கடல்வழியாக வந்தார். மூன்று நாள் பீரங்கி முழங்கியபின் மதிலில் உடைப்பு ஏற்பட்டது. ஆனால் இடையே ஆறு! ஜான் மூர் என்ற கப்பல் தச்சர் பெரிய தெப்பம் ஒன்றைக் கட்டினார். இரவில் ஓசையின்றி நீந்திச் சென்று, மறுகரை மரமொன்றில் கயிற்றைப் பிணைத்துத் திரும்பினார். அக்கயிற்றைப் பற்றி இழுத்தே படை ஆற்றைக் கடந்தது. கிளைவைப் பாடநூல்களில் படிக்கிறோம். இந்தத் தச்சரை அறிந்தவர் எத்தனை பேர்?

23 வயது கிளைவ் 34 வெள்ளைச் சிப்பாய்களுடன் முன்னேறினார். உடன்வந்த இந்தியச் சிப்பாய்கள் பின்தங்கிவிட, தஞ்சைக் குதிரைப்படை பின்புறமாகப் பாய்ந்து அந்த 34 பேரில் 26 பேரை வெட்டி வீழ்த்தியது. கிளைவ் மயிரிழையில் தப்பினார். பின்பு முழுப்படையும் தாக்கவே கோட்டை வீழ்ந்தது.

அப்புறம் சயாஜியின் கதி? மன்னர் பிரதாபசிங்கர் கோட்டையையும் ஆண்டுக்கு 9,000 வராகன் வருவாயுள்ள நிலத்தையும் விட்டுக்கொடுத்தார். கும்பினியாரும் அவரையே மன்னராக ஏற்றுக்கொண்டனர். சயாஜிக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 4,000 ரூபாய் மானியம். யாருடைய பெயரைச் சொல்லிப் போர் தொடுத்தார்களோ, அவரையே கைவிட்டார்கள்.

1758-இல் கடலூர் புனித டேவிட் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்ததும் ஆங்கிலேயர் தேவிக்கோட்டையை விட்டு வெளியேறினர். 1760-இல் மீண்டும் பெற்றனர். ஆயினும் அவர்கள் கனவு கண்ட துறைமுகம் அங்கே உருவாகவில்லை. மணல் வழிவிடவில்லை.