யாப் தீவுக்குப் புறப்படும் இளையவர்களுக்கு

1. முதலில் விசா. யாப், மைக்ரோனேசியக் கூட்டாட்சியின் 4 மாநிலங்களில் ஒன்று. 30 நாள் வரை தங்கிப்போக அந்த நாடு விசா கேட்பதில்லை. ஆனால் வழக்கமான விமானப் பாதை குவாம் வழியாகப் போகிறது. குவாம் அமெரிக்க மண். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அமெரிக்க விசா கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

2. புறம்போக்கு என்று சொல்ல அங்கே அநேகமாக எதுவும் இல்லை. நடைபாதை, கரை, பவளத்திட்டு எல்லாமே ஏதோ ஒரு குடும்பத்துக்கோ ஊருக்கோ சொந்தம். கடலில் இறங்கக்கூட ஒரு வார்த்தை கேட்க வேண்டும். விடுதிக்காரரிடம் முன்னாலேயே சொன்னால் அவரே கேட்டு வைப்பார். ஊருக்குள் நடக்கும்போது கையில் ஒரு பச்சை இலை இருக்கட்டும். கெட்ட எண்ணத்தோடு வரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

3. கல் பணத்தின் மேல் உட்காராதீர்கள், சாயாதீர்கள். நடுவில் துளையிட்ட அந்த வட்டக் கற்களில் சில ஆள் உயரத்தைத் தாண்டும். யாப்பில் அந்த வகைக் கல் இல்லை. 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பலாவு தீவுகளில் வெட்டி, கடல் வழியே கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓகீஃப் என்ற வணிகர் இரும்புக் கருவிகளும் கப்பலும் கொடுத்து, கொப்பரைக்கு ஈடாகப் பெரிய கற்களை வரவழைத்தார். அவை உருவத்தில் பெரியவை, மதிப்பில் குறைந்தவை. பாடுபட்டு, உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த பழைய கல்லுக்கே மரியாதை அதிகம். கை மாறினாலும் கல் இடம் மாறுவதில்லை. யாருடையது என்று ஊருக்கே தெரியும். அதனால் பாசி படிந்து ஓரமாகக் கிடப்பதும் கேட்பாரற்ற கல் அல்ல.

4. ஆணோ பெண்ணோ, தொடை மறைய உடுத்துங்கள். மரபு உடையில் பெண்கள் மார்பை மூடாமல் இருப்பார்கள்; அங்கே அது கூச்சத்துக்குரியதல்ல. உறுத்துப் பார்க்காதீர்கள்.

5. ஓலைக்கூடையிலிருந்து பச்சைப் பாக்கும் சுண்ணாம்பும் வெற்றிலையும் எடுத்து நீட்டுவார்கள். நமக்குப் பழகிய உபசாரம்தான். ஆனால் பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணம். சிரித்த முகத்தோடு மறுத்துவிடுங்கள்.

6. மீல் கால்வாயில் மாண்டா திருக்கைகள் தம் உடலைச் சின்ன மீன்கள் சுத்தம் செய்வதற்காக வந்து நிற்கும். துரத்தாதீர்கள், தொடாதீர்கள். அசையாமல் தாழ்ந்து இருந்தால் அவையே தலைக்கு மேல் வரும்.

7. முடிந்தால் மார்ச் 1ஐ ஒட்டிப் போங்கள். அது யாப் நாள். அன்று அங்கே ஆடப்படுவது ஊர்களின் பரம்பரைச் சொத்தான ஆட்டம். கேமராவைத் தூக்குமுன் பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் தயவுசெய்து கேளுங்கள்.