ஆணி ஒன்று, பஞ்சர் நாலு!

கார் – கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வரும்போது பின் சக்கரத்தில் காற்று இறங்கியது. சாலையோரக் கடையில் வண்டியை விட்டுவிட்டு, குடும்பத்தோடு டீ குடித்துவிட்டு வந்தேன். "நாலு பஞ்சர் சார்" என்றார் கடைக்காரர். ஆணி ஒன்றுதான் காட்டினார். பஞ்சருக்கு 250 வீதம் 1,000 ரூபாய் கொடுத்தேன். டயர் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருநகர்

பெரும்பாலும் ஆமாம். ஒரே டயரில் இரண்டு ஆணி ஏறுவது உண்டு. புது டயரில் ஒரே நேரத்தில் நான்கு ஓட்டை, காட்டுவதற்கு ஆணி ஒன்றுதான் என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. டியூப்லெஸ் டயரில் ஓட்டையைத் தேட, காற்றை நிரப்பிச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். கசிகிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். துடைக்கிற சாக்கில், கையில் மறைத்த ஊசியால் டயரின் பள்ளங்களுக்குள் இரண்டு குத்து குத்தினால் அங்கேயும் கொப்பளிக்கும். "நீங்களே பாருங்க சார்" என்று காட்டும்போது அந்த ஓட்டை நிஜமாகவே இருக்கும். அதனால்தான் உங்களால் சண்டை போட முடியவில்லை. தில்லி, குருகிராம் பக்கம் இதே கைவரிசை பலமுறை செய்தியாகியிருக்கிறது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். அது உள்ளே இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். காற்றை நிரப்பிக்கொண்டு தெரிந்த கடைக்கே போய்விடலாம். காற்று முழுதும் இறங்கிவிட்டால் ஒரு அடிகூட ஓட்டாமல் ஸ்டெப்னியை மாட்டுங்கள். காற்றில்லாத டயரை உருட்டினால் பக்கச் சுவர் நசுங்கி, 150 ரூபாயில் முடிகிற வேலை புது டயர் செலவில் போய் நிற்கும். ஸ்டெப்னி போட்டுவிட்டால் அவசரம் போய்விடும். அவசரத்தில் நிற்பவரிடம்தான் அதிகம் கேட்பார்கள்.

கடையில் முதலில் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தாலே கசிவு தெரிந்துவிடும். வால்வுக்குள் இருக்கும் பின் தளர்ந்திருந்தால் பஞ்சரே கிடையாது. பிறகு, "ஒரு பஞ்சருக்கு எவ்வளவு?" என்று டயரில் கை வைப்பதற்கு முன்பே கேளுங்கள். சோப்புத் தண்ணீர் தடவும்போது பக்கத்திலேயே குனிந்து நில்லுங்கள். நுரை வருகிற இடங்களைச் சாக்பீஸால் குறித்து, எத்தனை என்று எண்ணிய பிறகே ஊசியை எடுக்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டையில் அழுக்கோ துருவோ ஆணியின் தடமோ இருக்கும். அப்போதுதான் குத்திய ஓட்டை சுத்தமாக இருக்கும். ஆணி கழன்று விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் இது மட்டுமே சாட்சியாகாது. உங்கள் கண்தான் சாட்சி.

நகருக்குள் கார் டயரின் ஓட்டையை அடைக்க ஸ்ட்ரிப் போட பொதுவாக 100 முதல் 200 ரூபாய் வரை ஆகும். கடைக்குக் கடை மாறும். நடுராத்திரியில் எழுந்து வந்து, பைபாஸ் ஓரத்தில் ஜாக்கி போட்டுக் கழற்றி மாட்டுகிறவர் கூடுதலாக ஐம்பதோ நூறோ கேட்டால் அது கொள்ளை அல்ல, கூலி. இல்லாத ஓட்டைக்குக் கேட்பதுதான் கொள்ளை.

ஸ்ட்ரிப் போதும் என்கிறார் ஒருவர், மஷ்ரூம் பேட்ச்தான் நல்லது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?
– வாசகர், வில்லாபுரம்

ஸ்ட்ரிப் வெளியிலிருந்தே செருகும் ரப்பர் திரி. பத்து நிமிட வேலை. மஷ்ரூம் பேட்ச் போட டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறம் சுரண்டி ஒட்ட வேண்டும். தண்டு ஓட்டையை அடைக்கும், தலை உள்ளே ஒட்டிக்கொள்ளும். உள்ளே பார்த்து ஒட்டுவதால் இதுதான் உறுதி. செலவு ஸ்ட்ரிப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

சின்ன ஆணி, ஊருக்குள் ஓட்டம் என்றால் ஸ்ட்ரிப் போதும். நான்கு வழிச் சாலையில் சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ அடிக்கடி போகிறவர் மஷ்ரூம் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டுமே தரையில் படுகிற பகுதிக்குத்தான். ஓட்டை 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, பக்கச் சுவரில் இருந்தாலோ டயரை மாற்றத்தான் வேண்டும். அங்கே "ஒட்டித் தர்றேன்" என்பவரை நம்பாதீர்கள்.

நல்ல டயரையே "போச்சு" என்பவரும் உண்டு. பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகளைப் பாருங்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகியிருந்தால், அதாவது ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால், மாற்றுங்கள். டயரின் வயதைத் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு: பக்கச் சுவரில் 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள்.

பஞ்சர் கடைக்காரர்களே ரோட்டில் ஆணியைப் போடுகிறார்கள் என்கிறார்களே?
– வாசகர், உசிலம்பட்டி

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் அந்தச் சந்தேகம் பலமாக எழுந்தது. அங்கே ஒருவர் காந்தத்தோடு அலைந்து கிலோ கணக்கில் ஆணி பொறுக்கினார். அதற்காக நம்மூர்க் கடைக்காரர்கள் எல்லோரையும் குற்றம் சொல்லிவிட முடியாது. கட்டடச் சாமான் ஏற்றிவரும் லாரியிலிருந்து உதிர்வதே நம் ரிங் ரோட்டுக்கு ஏராளம். கிராமத்துச் சாலைகளில் வேலி வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள் வேறு.

மதுரைக்கு இது பழைய தொல்லை. 1912இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் சாலையெல்லாம் லாட ஆணி. முதல் பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று டி.வி.எஸ். பற்றிச் சொல்வார்கள். இன்று அப்படி முன்னால் போக யாரும் இல்லை. வாரம் ஒருமுறை டயரைச் சுற்றி நோட்டமிடுங்கள்.

புதுக் காரில் ஸ்டெப்னியே இல்லை. மேலூர் ரோட்டில் இரவில் தனியாக வரும்போது பஞ்சரானால்?
– வாசகி, ஒத்தக்கடை

டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதி மாறியது. அந்தக் கிட் டிக்கியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வீட்டு வாசலில் ஒருமுறை எடுத்துப் பழகுங்கள்.

இருட்டில் இறங்காமல், விளக்குகளைச் சிமிட்டவிட்டு ஓரமாக நிறுத்தி, தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். பயமாக இருந்தால் 112. கார் கம்பெனியின் சாலை உதவி எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள்.

பில் கேட்டால் சிரிக்கிறார்கள். புகார் செய்ய முடியுமா?
– வாசகர், செல்லூர்

முடியும். பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915க்கு அழைத்துப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

இருநூறு ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போகிறவர் குறைவு. போகாவிட்டாலும் ஜி-பேயில் பணம் அனுப்புங்கள், கடைப் பலகையைப் படம் எடுங்கள், அந்தப் பக்கம் போகிற நான்கு பேரிடம் சொல்லுங்கள். நேர்மையாக ஒட்டித் தருகிற கடையையும் அதே நான்கு பேரிடம் சொல்லுங்கள்.